‘எனக்குத்தான் வந்து போய்விட்டதே!’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகள் திறக்கும் வேளையில் விடுதிகளின் நிலை குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். குடிநீர், கழிப்பறை, உணவு என எல்லாம் இருந்தன. கொரோனா பற்றி ஒரு வரியும் இல்லை. மகளிர் விடுதி ஒன்றில் பதினோரு ஆண்டுகள் துணைக்காப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2022 ஜனவரி முதல் வாரம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி இரவு ஒன்பது மணிக்கு என் அறை வாசலில் வந்து நின்றாள். தொண்டை கட்டியிருந்தது, நெற்றி அனலாகக் கொதித்தது. முந்தைய ஆண்டு மே மாதம், இரண்டாம் அலையின்போது, ஊரில் குடும்பத்தோடு தொற்று கண்டு குணமானவள் அவள். “எனக்குத்தான் வந்து போய்விட்டதே மேடம், இது வெறும் சளிதான்” என்றாள். நானும் நம்பினேன். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துப் படுக்கச் சொன்னேன். மறுநாள் அவள் மெஸ்ஸில் எல்லோரோடும் அமர்ந்து சாப்பிட்டாள், வகுப்புக்கும் போனாள். நான்காம் நாள் அந்த அறையில் நால்வருக்கும் காய்ச்சல். பக்கத்து இரண்டு அறைகளிலும் இருமல் கேட்டது. அந்த வாரமே கல்லூரிகளை மூடும்படி அரசின் அறிவிப்பு வர, பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினார்கள். அவர்களில் ஒருத்தியின் பாட்டி ஒன்பது நாள் ஆக்சிஜனில் கிடந்து பிழைத்தார்.

ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது என்ற எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். அம்மை பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள், அதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஆனால் மறுதொற்று உண்டு என்பது 2020 ஆகஸ்டிலேயே ஹாங்காங்கில் உறுதியாகிவிட்டது. முதல் தொற்று வந்து நான்கரை மாதம் கழித்து, ஐரோப்பாவிலிருந்து திரும்பிய 33 வயது இளைஞருக்கு விமான நிலையப் பரிசோதனையில் மீண்டும் தொற்று தெரிந்தது. இரண்டு வைரஸ்களின் மரபணு வரிசையும் வேறு வேறாக இருந்ததால், அது பழைய தொற்றின் மிச்சம் அல்ல, புதிய தொற்று என்று தெரிந்தது. இரண்டாம் முறை அவருக்கு அறிகுறியே இல்லை. பரிசோதிக்காமல் விட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது. விடுதிக்கு இதுதான் பெரிய ஆபத்து. இருபது வயது உடம்பு நோயைத் தாங்கிக்கொண்டு நடமாடும், அதே நேரத்தில் அடுத்தவருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும்.

ஓமிக்ரான் என்ற உருமாறிய கொரோனா வந்தபிறகு நிலைமை இன்னும் மோசமானது. முன்பு வந்த தொற்று, அதற்கு முந்தைய டெல்டா வகையிடமிருந்து 90 விழுக்காட்டுக்கு மேல் காத்தது என்றும், ஓமிக்ரானிடமிருந்து 56 விழுக்காடுதான் காத்தது என்றும் கத்தாரில் நடந்த ஆய்வு காட்டியது. உயிருக்கு ஆபத்தாகும் அளவு நோய் முற்றாமல் காக்கும் சக்தி நெடுநாள் நிற்கிறது. நோய் தொற்றாமல் காக்கும் சக்தியோ சில மாதங்களிலேயே குறைந்துவிடுகிறது. தடுப்பூசிக்கும் இது பொருந்தும். 97 விழுக்காட்டினர் தடுப்பூசி போட்டிருந்த அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் ஒரே வாரத்தில் 900 பேருக்கு மேல் தொற்று உறுதியாகி, தேர்வுகளை இணையவழிக்கு மாற்றினார்கள்.

நம் ஊரில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் இரண்டு முறை தொற்று பரவியது. 2020 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று வந்து, மாணவர்களைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஒரே மெஸ்ஸில் கூடிச் சாப்பிட்டது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. மறுபடியும் 2022 ஏப்ரலில் அதே வளாகத்தில் தொற்று எண்ணிக்கை நூறைத் தாண்டியது. முகக்கவசம் அணியாதவர்களுக்கு 500 ரூபாய் அபராதம் தமிழகத்தில் திரும்பி வந்ததும் அப்போதுதான்.

எங்கள் விடுதியில் வாசலுக்கு வாசல் கைகழுவும் திரவம் வைத்தோம், படிக்கட்டுக் கைப்பிடியைத் தினமும் துடைத்தோம். காற்றில் பரவும் நோய்க்கு இது எவ்வளவு தூரம் உதவும்? பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் நான்கு கட்டில். கொசுவுக்குப் பயந்து மாலை ஆறு மணிக்கே ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். ஒரே மின்விசிறி, விடியும்வரை அதே காற்றைச் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருக்கும். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்க வேண்டும் என்று எத்தனையோ கூட்டங்களில் கேட்டேன். வண்ணப்பூச்சுக்குப் பணம் ஒதுக்கினார்கள், வலைக்கு ஒதுக்கவில்லை.

இதைவிடவும் பெரிய தடை வருகைப் பதிவு. 75 விழுக்காடு இல்லையென்றால் தேர்வெழுத முடியாது என்ற பயத்தில் பிள்ளைகள் மாத்திரை போட்டுக் காய்ச்சலை இறக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகிறார்கள். மருத்துவச் சான்று கொடுத்தால் சலுகை உண்டு என்பார்கள். அந்தச் சான்றுக்காகக் காய்ச்சலோடு மருத்துவமனையில் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்க எத்தனை பேர் போவார்கள்? ஊருக்குப் போன் செய்தால் அம்மா பதறுவாள் என்று அதையும் மறைக்கிறார்கள். அன்றிரவு அந்தப் பெண்ணும் கிளம்பும்போது, “நாளைக்கு வகுப்புக்குப் போகாவிட்டால் அட்டெண்டன்ஸ் குறைந்துவிடும் மேடம்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

2025 மே, ஜூன் மாதங்களிலும் நாட்டில் தொற்று ஏறியது, சிகிச்சையில் இருந்தோர் 7,000 பேரைத் தாண்டினார்கள். பழையபடி ஊரடங்கு வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அது பிள்ளைகளின் படிப்பை எப்படிக் குலைத்தது என்று கூடவே இருந்து பார்த்தவள். காய்ச்சல் என்று சொல்லும் மாணவருக்கு ஐந்து நாள் வருகைப் பதிவைச் சான்று கேட்காமல் கொடுக்கட்டும். சிலர் பொய் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். தளத்துக்கு ஓர் அறையைக் காலியாக வைத்து, அங்கே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆளையும் நியமிக்கட்டும். ஜன்னல்களுக்குக் கொசுவலையை இந்த விடுமுறையிலேயே அடித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விடுதித் துணைக்காப்பாளர்,
திருச்சி.