காத்தாடியைச் சுற்றிக் கொடுத்த அக்காவுக்கும், எங்கள் கரைக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று நம் கரையில் யாருக்கும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நானும் மச்சானும் சித்தப்பா மகனும் போன வள்ளம், இன்ஜின் உறுமியும் நகராமல் அலைக்குள் நின்றுவிட்டது. மூன்று பேரும் வீட்டில் இருக்கிறோம். மச்சானுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அம்மா நேற்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

பாய்ச்சிய வலையை அப்படியே கடலில் விட்டுவிட்டு, கச்சான் காற்றில் எங்களைக் கயிறு போட்டு இழுத்து வந்த இரண்டு வள்ளத்துக்காரர்களுக்கும், கரையில் டார்ச் அடித்துக்கொண்டே நின்ற பிள்ளைகளுக்கும், ராத்திரி முழுக்க அம்மாவோடு உட்கார்ந்திருந்த தெருக்காரர்களுக்கும், வட்டி இல்லாமல் பணம் தருகிறேன் என்று சொல்லியனுப்பிய ஏலக்கார அண்ணனுக்கும் நன்றி. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வருவேன். கடிதத்தில் சொல்லி முடித்துக்கொள்ளும் கடன் இல்லை இது.

ஆனால் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்தது இன்னொருவருக்காக. அவர் நம் ஊர்க்காரர் இல்லை. காலை ஏலத்துக்கு அன்னக்கூடையோடு வந்து, மீனை எடுத்துக்கொண்டு சிக்கல் பக்கம் பஸ் ஏறுவாரே, அந்த அக்கா. பல வருஷமாகப் பார்க்கிறோம். பெயர் கேட்டதில்லை.

வியாழக்கிழமை காலை இன்ஜினைக் கழற்றிக் கட்டையில் மாட்டி வைத்திருந்தேன். எட்டு எச்பி, அப்பா காலத்து இன்ஜின். புதன்கிழமையே ஆளாளுக்கு வந்து பார்த்திருந்தார்கள். தண்ணீருக்குள் சுற்றி வள்ளத்தைத் தள்ளும் காத்தாடியின் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது என்றார் ஒருவர். நல்ல யோசனைதான். புஷ் போனாலும் இன்ஜின் உறுமும், வள்ளம் நகராது. தண்டு நுழையும் உள்குழாயிலிருந்து வெளிக்குடம் வரைக்கும் பெயிண்டில் ஒரு கோடு இழுத்து, தண்ணீரில் ஓட்டிப் பார்த்தோம். கோடு விலகவில்லை, அப்படியென்றால் புஷ் வழுக்கவில்லை. கியர் ஆயிலை இறக்கிப் பார்த்தோம். பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஆயில் தெளிவாக இருந்தது, இரும்புத் துண்டும் கிடைக்கவில்லை. டவுனிலிருந்து வந்த மெக்கானிக், கியர் பற்கள் தேய்ந்துவிட்டன, அடிப்பகுதியை மொத்தமாக மாற்ற வேண்டும், இந்தப் பழைய மாடலுக்குச் சாமான் கிடைப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைதான். நாட்டுப்படகு மீனுக்கு நல்ல விலை கிடைப்பது அந்த 61 நாட்களில். அதன் நடுவில் இன்ஜின் இல்லாமல் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

பிளக் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, கியர் லிவரைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்ஜின் ஓடாதபோது கியர் தானாக விழாது. ஒரு கை லிவரை நகர்த்தும்போது இன்னொரு கை காத்தாடியை மெல்லச் சுற்ற வேண்டும். அப்போதுதான் பல் இடம் பார்த்து உட்காரும். மேலே கை வைத்தால் கீழே எட்டவில்லை. மச்சான் படுத்திருந்தான். யாரையும் கூப்பிடவும் மனசு வரவில்லை, முந்தின நாள் எல்லாம் எங்களுக்காக வேலையை விட்டவர்கள்தானே எல்லோரும்.

"தம்பி, நான் வேணா சுத்தவா?"

கூடையை நிழலில் வைத்துவிட்டு அந்த அக்கா மணலில் உட்கார்ந்துவிட்டார். பஸ் வரும் நேரம். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

முன்கியர், நியூட்ரல், பின்கியர். மறுபடி முன்கியர். அவர் பேசாமல் சுற்றிக்கொண்டே இருந்தார். ஏழெட்டுத் தடவை ஆனதும் கையை நிறுத்தினார்.

"பின்னால போடுறப்ப நறுக்குன்னு உக்காருது தம்பி. முன்னால போடுறப்ப அப்படி இல்ல. நுனியில பிடிக்குது. அழுத்திச் சுத்துனா நழுவுது."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "திருகையில மேல்கல்லு சரியா உக்காரலைன்னா கைக்குத் தெரியாதா?" என்றார்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாளாக எத்தனையோ பேர் காதால் கேட்டோம், கண்ணால் பார்த்தோம். இரண்டு கியரையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பக்கம் முழுதாக விழுந்து, மறுபக்கம் பாதி விழுகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பல்லை இல்லை. மேலிருந்து கீழே போகும் கியர் ராடின் நீளத்தை. நீளம் தப்பினால் ஒரு பக்கத்துக்குக் கிடைக்கும் இடம் மறுபக்கத்துக்குக் குறையும். பாதி விழுந்த கியர் மெதுவாக ஓடும்போது தாங்கும், அலையில் ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது துள்ளி வெளியே வந்துவிடும். செவ்வாய்க்கிழமை அதுதான் நடந்தது.

இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் தண்ணீர் பம்பின் இம்பெல்லரை மாற்ற அடிப்பகுதியை இறக்கியது நான். அதற்காக அந்த ராடைக் கழற்றி, திரும்ப மாட்டியதும் நான். ராடின் நீளம் அதைத் திருகும் சுற்றில்தான் இருக்கிறது, எத்தனை சுற்று திருகியிருந்தது என்று எண்ணி வைக்கவில்லை. அது கழலாமல் பிடிக்கும் லாக் நட்டையும் இறுக்கிப் பார்க்கவில்லை. மச்சானையும் சித்தப்பா மகனையும் அந்த அலைக்குள் கொண்டுபோனது என் கை. அவர்கள் இருவரிடமும் சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

லாக் நட்டைத் தளர்த்தி ராடை அரைச் சுற்று திருகினேன். அக்கா சுற்றிப் பார்த்து, "இன்னும் இல்ல" என்றார். இன்னொரு அரைச் சுற்று. "கிட்ட வந்துருச்சு." இப்படியே நான்கு தடவை. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவர். கூடையில் ஐஸ் உருகி மணலில் ஓடியது. ஐந்தாவது தடவை இரண்டு பக்கமும் சுற்றிவிட்டு, "இப்ப ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார்.

வள்ளத்தில் மாட்டி, கம்பத்தில் கட்டிப் போட்டுக்கொண்டு முழு வேகத்தில் ஓட்டினேன். கயிறு விறைத்து நின்றது. கியர் நழுவவில்லை. நான் கரைக்கு ஓடி வந்து பார்த்தபோது அவர் இல்லை. அடுத்த பஸ் வரப்போகிறது என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். ஐஸ் கரைந்த மீனை அன்றைக்கு என்ன விலைக்கு விற்றாரோ. அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

வெள்ளிக்கிழமை அடிப்பகுதியைத் திறந்தும் பார்த்துவிட்டேன். முன்கியரோடு கோத்துக்கொள்ளும் பற்களின் முனை நழுவி நழுவி லேசாக மழுங்கியிருக்கிறது. அதற்கு மட்டும் சாமான் சொல்லியிருக்கிறது. அது வரும்வரை கரையோரத்தில்தான் தொழில், தீவைத் தாண்டிப் போக மாட்டேன். இனி ராடைக் கழற்றினால் சுற்றை எண்ணி இன்ஜின் மூடியின் உள்பக்கம் எழுதி வைப்பேன். நம் கரையில் யார் இன்ஜினைக் கட்டையில் மாட்டினாலும் காத்தாடியைச் சுற்ற ஆள் வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், வந்து உட்காருகிறேன்.

அக்கா, உங்களைத் தேடி இரண்டு நாளாக ஏலத்தில் நிற்கிறேன். நீங்கள் வரவில்லை. சிக்கல் பக்கம் அவரிடம் மீன் வாங்குகிறவர்கள் யாராவது இதைப் பார்த்தால், தயவு செய்து அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். திங்கட்கிழமை வள்ளம் இறக்குகிறோம். அன்று கிடைக்கும் மீனில் முதல் கூடை ஏலத்துக்குப் போகாது. நீங்கள் வரும்வரை ஐஸ் போட்டு வைத்திருப்பேன்.