அம்மிணியின் மீன் படிப்பு

அன்புள்ள சென்னியப்பா,

கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. அம்மிணி பி.எஸ்சி. விலங்கியலுக்குப் பிறகு ஆற்று மீன்களை ஆராய ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். ரொம்பச் சந்தோசம். காட்டுயிர் என்றதும் எல்லாரும் யானை, புலி பின்னால் போய்விடுகிறார்கள்; தண்ணீருக்குள் பார்க்க ஆள் இல்லை.

மீன்வளப் பல்கலைக்கழகங்களில் எம்.எஃப்.எஸ்சி. (மீன்வள முதுநிலை) சேர, நான்கு வருட பி.எஃப்.எஸ்சி. (மீன்வள இளநிலை) கேட்பார்கள். அதனால் அவளுக்கு ஏற்றது காட்டுயிர் உயிரியல் எம்.எஸ்சி. ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் விசாரி. ஆய்வுக்கு மோயாறுதான் வேண்டும் என்றால், அந்த ஆறு ஓடுவது புலிகள் காப்பகத்துக்குள். வனத்துறை அனுமதி இல்லாமல் வலை வீச முடியாது. சேர்ந்த கையோடு விண்ணப்பம் போடச் சொல். தாமதித்தால் ஆய்வுக்கான மாதங்கள் அனுமதிக்குக் காத்திருப்பதிலேயே கரைந்துவிடும்.

மீன் கைக்கு வந்தபின் வரிசை மாறக் கூடாது. முதலில், கையை நனைத்துக்கொண்டு, பக்கத்தில் அளவுகோல் வைத்து உயிரோடு போட்டோ. மீனை அழுகாமல் வைக்கும் ஃபார்மலின் கரைசலில் போட்டால் நிறம் போய்விடும். அடுத்து டி.என்.ஏ. ஆய்வுக்குத் துடுப்பில் சிறு துணுக்கு வெட்டி 95 சதவீத எத்தனாலில் போட வேண்டும். ஒவ்வொரு மீனுக்கும் கத்தரியைச் சுத்தம் செய்யாவிட்டால் ஒன்றின் டி.என்.ஏ. மற்றதோடு கலந்துவிடும். அரிய இனம் என்றால் அதோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும். சேகரிக்க வேண்டிய மீனைத்தான் ஃபார்மலினில் போடுவது: ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். பெரிய மீனுக்கு வயிற்றை வலப்பக்கம் கீறாவிட்டால் குடல் அழுகிவிடும். இடப்பக்கத்தைக் கீறாமல் விடுவது செதில் எண்ணுவதற்கு. சீட்டைப் பென்சிலில் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயே போடச் சொல், பேனா மை கரைந்துவிடும். துணுக்கை எடுக்காமல் முதலிலேயே ஃபார்மலினில் போட்டால் டி.என்.ஏ. சிதைந்துவிடும், பிறகு எந்த ஆய்வகத்துக்குக் கொடுத்தாலும் பயன் குறைவு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் காவிரியின் திமில் மஹசீர். செம்மஞ்சள் துடுப்புள்ள அந்தப் பெரிய மீனுக்கு 2018 வரை அறிவியல் பெயரே உறுதியாகவில்லை. மோயாற்று மீனின் டி.என்.ஏ.வை, நம்ம அமராவதியில் வந்து சேரும் பாம்பாற்றில் 2007இல் விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவி என்ற மஹசீர் இனத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் இரண்டும் ஒன்று என்று தெரிந்தது. அதற்குள் மகாராஷ்டிராவின் லோனாவ்லா பண்ணையில் பொரித்த நீலத் துடுப்பு மஹசீர் குஞ்சுகளைக் காவிரியில் விட்டாயிற்று. நீலம் பெருகியது, செம்மஞ்சள் அருகியது. இன்று அது மிக ஆபத்தான நிலையிலுள்ள இனம். எந்த ஆற்றில் எந்த இனம் என்று பார்க்காமல் குஞ்சு விடுவதைப் பாதுகாப்பு என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

பரீட்சை முடிந்ததும் அம்மிணியை ஒரு வாரம் இங்கே அனுப்பி வை. பவானிசாகரில் பரிசல்காரர்கள் கொண்டுவரும் கெண்டையை வைத்தே பக்கக்கோட்டுச் செதில் (உடலின் பக்கவாட்டில் கோடாக ஓடும் செதில் வரிசை) எண்ணப் பழகிக்கொள்ளலாம். ஒரு கைலென்சும் துல்லியமாக அளக்க வெர்னியர் காலிபரும் வாங்கி வரச் சொல்.

அன்புடன்,
குமாரசாமி