பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

கும்பகோணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் தேவலை. அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே.

சித்தி வந்திருந்தாள். உன் கேமராவைப் பற்றி ஏதோ சொன்னாள். அதை நான் கேட்கப்போவதில்லை. உன் பொருள், உன் இஷ்டம். ஆனால் ஆடியிலிருந்து ஒரு படம்கூட நீ அனுப்பவில்லை. முன்பெல்லாம் நடுராத்திரியில் நீ வரைந்த புத்தக அட்டையை அனுப்பி, "அப்பா, தலைப்பு இடிக்குதா?" என்று கேட்பாய். ஈய எழுத்துக் கோத்தவனிடம் யோசனை கேட்கிறாளே என்று பிரஸ் ஆட்களிடமெல்லாம் காட்டுவேன். இப்போது போனையே எடுப்பதில்லை. அது சரியில்லை, பாப்பா. அம்மா கேட்டால் உனக்கு வேலை அதிகம் என்று சொல்லிவைக்கிறேன்.

உன் காவிரிப் படப் புத்தகத்துக்குக் காகிதச் செலவு கட்டாது என்றாயே, அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். தரங்கம்பாடியில் பைபிளைத் தமிழில் அச்சடித்த பாதிரியார் சீகன்பால்குவுக்கும் இதே கஷ்டம்தான். ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து வந்த தமிழ் அச்செழுத்து பெரிசு; காகிதம் போதவில்லை. புதிய ஏற்பாட்டின் முன்பகுதியை அந்த எழுத்தில் அடித்தார்கள். மிச்சத்துக்கு இங்கேயே சின்ன எழுத்து வார்த்து 1715-ல் முடித்தார்கள். பொறையாரில் காகித ஆலையே போட்டார்கள். தட்டுப்பாடு வந்ததால்தான் எழுத்துக்கு நல்ல அளவு கிடைத்தது. நீயும் படங்களைக் குறை. எல்லாவற்றையும் முழுப்பக்கம் போடாதே. சின்னதாக வைத்துச் சுற்றி இடம் விடு. எழுத்துக் கோக்கும் கம்போசிங்கில் வெற்றிடத்துக்கும் ஈயக்கட்டைதான் வைப்போம், அதற்கும் கனம் உண்டு.

தாராசுரம் கோயில் சிற்பத்தில் யானையும் காளையும் ஒரே தலையில் நிற்குமே, சின்ன வயதில் அதை நீ கையால் மறைத்து மறைத்துப் பார்ப்பாய். கிளப்பவே முடியாது. உன் அட்டைகளில் அந்தப் புத்தி இருக்கிறது. ஒரே கோட்டை இரண்டு வேலை செய்ய வைக்கிறாய். யார் என்ன சொல்லியிருந்தாலும் அது உன்னை விட்டுப் போகாது. போய்விட்டது என்று நீயாக முடிவுகட்டாதே.

சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே.

உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலையில் கும்பகோணம். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். கேமரா இருந்தால் கொண்டு வா, இல்லாவிட்டாலும் வா. புத்தகத்தின் மாதிரிக்கு, அதுதான் டம்மிக்கு, காகிதம் வாங்கி, வெட்டி மடித்து வைத்திருக்கிறேன். எந்தப் படம் முதல் பக்கத்தில் என்பதை மட்டும் நீ சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா