நிறத்தைப் பார்த்து வயர் பூட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குளிர்காலச் செலவைக் குறைப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட குறிப்பில், வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் சுவர்க் கருவியான வைஃபை தெர்மோஸ்டாட்டை நாமே பூட்டிக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. அது சரிதான். ஆனால் 'சிவப்பு ஆர், வெள்ளை டபிள்யூ, பச்சை ஜி, மஞ்சள் வை, நீலம் சி. நிறத்தைப் பார்த்துப் பூட்டினால் போதும்' என்றும் அதில் இருந்தது. (ஆர் கறண்ட் வரும் வழி, டபிள்யூ சூட்டுக்கு, ஜி விசிறிக்கு, வை ஏசிக்கு, சி கறண்ட் திரும்பும் வழி.) அந்த வரியை நம்பி நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் மின் பகுதியில் வேலை செய்தவன். 230, 400 வோல்ட்டோடு பழகிய கைக்கு தெர்மோஸ்டாட்டின் 24 வோல்ட் ஒரு பொருட்டா என்று எனக்கு எண்ணம். மருமகள் வாங்கித் தந்த பெட்டியைப் பிரித்து, கண்ணாடிகூடப் போடாமல் பழையதைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். "மாமா, கீழ பேர்னஸை நிப்பாட்டினீங்களா?" என்று அவள் கேட்டாள். பேஸ்மென்டில் நின்று வீட்டைச் சூடாக்கும் காஸ் இயந்திரத்தைத்தான் சொன்னாள். "இது கறண்ட் அடிக்காது பிள்ளை" என்றேன்.

ஐந்து வயர், ஐந்து நிறம். உங்கள் குறிப்பின்படியே பூட்டினேன். திரை பளிச்சென்று எரிந்தது. சூட்டைக் கூட்டினேன், கொஞ்ச நேரத்தில் காற்றுத் துவாரத்தில் வெக்கை வந்தது. மனுசி கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனா. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஏசியும் வேலை செய்கிறதா என்று ஒரு நிமிடம் பார்ப்போம் என்று 'கூல்' அமத்தினேன். திரை அணைந்தது. சூடும் போய்விட்டது. ஒக்டோபர் கடைசி, வெளியே 3 பாகை.

மறுநாள் வந்த திருத்துநர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, கட்டுப்பாட்டுப் பலகை எரிந்துவிட்டது, மாற்ற 850 டொலர் என்றார். அவர் பெயரோ கம்பனியோ இங்கே வேண்டாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, பேஸ்மென்டில் பேர்னஸின் சுவிட்சை நிறுத்தி, கீழ் மூடியைக் கழற்றி, இந்த முறை கண்ணாடியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பலகையில் காரில் இருப்பதுபோலவே ஊதா நிறத்தில் ஒரு சின்ன 3 அம்பியர் பியூஸ். அதன் உள்கம்பி அறுந்திருந்தது.

காரணமும் அங்கேயே இருந்தது. முன்பு வயர் இழுத்தவர் நீலத்தை 'வை' ஆணியிலும் மஞ்சளை 'சி' ஆணியிலும் பூட்டியிருந்தார். அது பிழையே இல்லை. இரண்டு முனையும் ஒத்துப்போனால் எந்த நிறமும் சரி. நான் நிறத்தைப் பார்த்து மேலே இரண்டையும் மாற்றிவிட்டேன். வெளியில் நிற்கும் ஏசியின் கொன்டாக்டர் என்ற காந்த சுவிட்சின் சுருளுக்குள்ளால் சுற்றி வந்த கொஞ்சக் கறண்டில் திரை எரிந்திருக்கிறது, நானும் ஏமாந்தேன். 'கூல்' அமத்தியதும், 24 வோல்ட் தரும் ட்ரான்ஸ்போமரின் ஒரு முனை மறு முனையோடு நேரே முட்டியது. நல்ல வேளை, பியூஸ் போனது. இல்லாவிட்டால் ட்ரான்ஸ்போமர் போயிருக்கும்.

ஆகவே உங்கள் வாசகர்களுக்கு: பழைய தெர்மோஸ்டாட்டின் மூடியைத் திறந்ததும், எந்த வயர் எந்த எழுத்தில் நிற்கிறது என்று முதலில் போனில் ஒரு படம் எடுங்கள். எழுத்துத்தான் கணக்கு, நிறம் அல்ல. பேர்னஸை நிறுத்தாமல் ஒரு ஆணியையும் தொட வேண்டாம். கையில் வோல்ட் மீற்றர் இருந்தால், பேர்னஸை மறுபடி போட்டபின், அதை ஆடலோட்ட (AC) வோல்ட்டில் வைத்து ஆருக்கும் சிக்கும் இடையே பாருங்கள். 24 முதல் 28 வரை காட்டும். எனக்கு 27 காட்டியது. புதிய கருவியில் சந்தேகமா? நிறுத்திவிட்டு, பேர்னஸின் பலகையில் ஆரையும் டபிள்யூவையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். முதலில் சின்ன விசிறி சுற்றும், பிறகு பற்றவைக்கும் கம்பி சிவக்கும், சுவாலை வரும், அரை நிமிடம் அளவில் பெரிய விசிறி தொடங்கும். அப்படி நடந்தால் பேர்னஸில் குறையில்லை, பிழை சுவரில்தான். பேர்னஸின் மூடியைச் சரியாகப் போடாவிட்டால் கதவுச் சுவிட்ச் ஒன்றையும் ஓட விடாது. இது தெரியாமல் நான் அரை மணித்தியாலம் மினக்கெட்டேன். ஏசியைச் சோதிப்பது கோடை வேலை. வெளியே 15 பாகைக்குக் குறைவென்றால் கொம்பிறசரை ஓட்டக் கூடாது. காஸ் குழாய்ப் பக்கம் போகவே வேண்டாம், அதற்கு லைசென்ஸ் உள்ளவர் வரட்டும்.

உங்கள் குறிப்பில் விடுபட்ட இன்னொன்று இதைவிட ஆபத்தானது. பழைய அடுக்குமாடிகளில் சுவரோரம் மின்சார ஹீற்றர் இருக்கும். அங்கே தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் தடித்த வயர்கள் வரும். அது 240 வோல்ட். இந்த வைஃபை சாமான்களில் பெரும்பாலானவை அதற்கு ஆகாது. பூட்டினால் நெருப்புப் பிடிக்கலாம். இதையாவது அடுத்த இதழில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

பியூஸ் விலை நாலு டொலர். கார்ச் சாமான் கடையில் இரண்டாக வாங்கினேன். மற்றது பேர்னஸின் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறது, மருமகளின் யோசனை.

ஓய்வுபெற்ற மின் பணியாளர்,
ஸ்காபரோ, கனடா.