பட்டாளத்துப் பாட்டாவுக்காக அலைந்தவர்களுக்கு நன்றி

உறவினர்களுக்கும் ஊராருக்கும், இன்னும் முகம் பார்த்திராத நண்பர்களுக்கும் வணக்கம்.

எங்கள் பாட்டாவின் பணிப் பதிவேட்டு நகல் நீலகிரி வெலிங்டனில் உள்ள ராணுவ ஆவணப் பிரிவிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது. இரண்டாம் உலகப்போரின் நடுவே 1942-இல் பிரிட்டிஷ் இந்தியக் காலாட்படையில் சேர்ந்து, 1946-இல் வெளியே வந்த ஒரு சாதாரண சிப்பாய். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவராகத்தான் ஊர் அவரை அறியும். ‘பட்டாளத்தார்’ என்ற பெயர் மட்டும் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. எந்தப் பட்டாளம், எந்த நாடு என்று கேட்டால் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார். பேச்சு அதோடு முடிந்துவிடும். அவர் சொல்லாமல் விட்டதை நீங்கள் ஆளுக்கொரு துண்டாகத் தேடித் தந்தீர்கள். முழுக் கதையும் உங்களில் பலருக்குத் தெரியாது என்பதால் நன்றியோடு கதையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் வணக்கம் களியக்காவிளை ஆசிரியர் ஐயாவுக்கு. பெட்டியில் இருந்த கடிதங்கள் அத்தனையும் மலையாளம். வீட்டில் தமிழ் பேசினாலும் பாட்டா படித்தது திருவிதாங்கூர் அரசின் மலையாளப் பள்ளிக்கூடத்தில். 1956 நவம்பர் 1-இல் நம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகு தமிழில் படித்த பிள்ளைகளால் பெற்ற தகப்பனின் கடிதத்தை வாசிக்க முடியவில்லை. ஐயா பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு, மங்கிப்போன மையை எழுத்தெழுத்தாக வாசித்துச் சொன்னார். தணிக்கை அதிகாரி கறுப்பு மை பூசிய இடங்களைக் கண்டு எங்களைவிட அவருக்குத்தான் அதிகக் கோபம் வந்தது. ஒரு மட்டிப்பழக் குலையைத் தவிர எங்களிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

போரைப் பற்றி அந்தக் கடிதங்களில் அனேகமாக ஒன்றுமில்லை. மழை, அட்டைக்கடி, கழுதையைவிடப் பிடிவாதமான கோவேறு கழுதைகள், வானிலிருந்து விழும் சாமான் மூட்டைகள், இவ்வளவுதான். மீதி முழுக்க அரிசி. இங்கே எனக்குச் சோறு கிடைக்கிறது, அங்கே பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறாய் என்று ஏறக்குறைய ஒவ்வொரு கடிதத்திலும் பாட்டியைக் கேட்டிருக்கிறார். பாட்டி கொடுத்தது மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி. திருவிதாங்கூர் தின்ற அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும் அது நின்றுபோயிற்று. நாஞ்சில் நாட்டு வயல்கள் முழுச் சமஸ்தானத்தின் வயிற்றையும் நிரப்பிவிடுமா? அந்த ஆண்டுதான் பாட்டா பட்டாளத்தில் பெயர் கொடுத்தார்.

இந்த இடத்தில் கருங்கல் சுபேதார் மாமா சொன்ன ஒரு விவரத்தையும் எழுதிவிடுகிறேன். பிரிட்டனில் 1939 செப்டம்பரிலேயே 18 முதல் 41 வயது வரையுள்ள ஆண்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் அப்படிச் சட்டமே கிடையாது. சேர்ந்த ஏறத்தாழ 25 லட்சம் பேரும் தாமாக முன்வந்தவர்கள் என்றுதான் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். பாட்டாவின் கணக்கில் இதை நான் அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்த வெள்ளைக்காரப் பையனைச் சட்டம் இழுத்து வந்தது. இவரைக் காலிப் பானை இழுத்துக்கொண்டு போனது.

சுபேதார் மாமாவுக்கு இன்னொரு நன்றியும் உண்டு. பாட்டாவின் பதக்கங்களில் ஆறு முனை கொண்ட ‘பர்மா ஸ்டார்’ இருந்ததால், அவர் பர்மாவுக்குள் போய்ச் சண்டையிட்டார் என்று நாங்கள் சொல்லிக்கொண்டு திரிந்தோம். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. அஸ்ஸாம், வங்காளம் பக்கம் பணியாற்றியவர்களுக்கும் அதே பதக்கம் கிடைத்திருக்கிறது, காகிதம் வரட்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். காகிதமும் வந்தது. திமாப்பூர், இம்பால், பிறகு பர்மாவுக்குள் சிந்த்வின், ஐராவதி ஆறுகளைக் கடந்து தெற்கே. ஐராவதிக்கு அப்பால் எழுதிய கடிதம் ஒன்றில், கண்ணுக்கெட்டிய தூரம் வயல் கிடக்கிறது, உழுவதற்கு ஆளில்லை என்கிறார். நம் ஊருக்கு வராமல் போன அரிசி விளைந்த மண்ணில் அவர் துப்பாக்கியோடு நடந்திருக்கிறார். ரங்கூனை மீட்டது 1945 மே மாதம்.

செவிலியர் பணியில் இருக்கும் என் அத்தை மகளுக்குத் தனியாக ஒரு நன்றி. விடுப்பில் வந்த பாட்டாவின் உடம்பும் கண்ணும் மஞ்சளாக இருந்ததாம். மஞ்சள் காமாலை என்று பாட்டி கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்தாராம். இது எங்கள் வீட்டில் பரம்பரையாகச் சொல்லிவரும் கதை. அந்தக் காட்டில் மலேரியாவுக்காக நாள்தோறும் விழுங்க வைத்த மெபாகிரின் மாத்திரை தோலை மஞ்சளாக்கும் என்று அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். 1943-இல் காயம்பட்டு அப்புறப்படுத்தப்பட்ட ஒருவருக்கு 120 பேர் நோயால் அப்புறப்படுத்தப்பட்டதாக, பர்மா போர்முனையில் படை நடத்திய பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் எழுதியிருக்கிறார். அந்த மாத்திரையை ஏன் அப்படி வற்புறுத்தினார்கள் என்பது இப்போது புரிகிறது. கீழாநெல்லியால் கெடுதல் ஒன்றும் நேரவில்லை.

திருவனந்தபுரத்து நண்பரின் உழைப்பு வெளியே தெரியாதது. பாட்டா திருவிதாங்கூர் மகாராஜாவின் சொந்தப் படையில் இருந்திருப்பாரோ என்ற சந்தேகம் எங்களுக்கு இருந்தது. அந்தப் படைகள் பின்னாளில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 9-ஆம், 16-ஆம் பட்டாலியன்களாயின. அங்கே இல்லை என்று அவர் தேடிச் சொன்ன பிறகுதான் சரியான கதவைத் தட்டினோம். அதற்கு முன் ஓர் அலுவலகத்தில், கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்படி ஒருவர் சேர்ந்ததாகப் பதிவே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எப்படி இருக்கும்? 1942-இல் கன்னியாகுமரி என்று ஒரு மாவட்டமே கிடையாது. ‘திருவிதாங்கூர், கல்குளம் தாலுகா’ என்று விண்ணப்பத்தைத் திருத்தி எழுதித் தந்த நாகர்கோவில் எழுத்தர் அம்மாவுக்கும், பொறுமையாகத் தேடிக் கொடுத்த வெலிங்டன் ஆவணப் பிரிவினருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஓய்வூதியம் இல்லை என்று இருக்கிறது. ஓய்வூதியத்துக்குப் 15 ஆண்டு பணி வேண்டும். போருக்காகச் சேர்த்தவர்களைப் போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாட்டா வந்த கையோடு தோட்டத்தில் வேலைக்குப் போய்விட்டார். ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவர்களுடைய மனைவியருக்கும் மாநில அரசு உதவித்தொகை தருகிறது என்பதும் சுபேதார் மாமா சொல்லித்தான் தெரியும். எங்கள் வீட்டில் அதைக் கேட்டு வாங்க யாரும் உயிரோடு இல்லை. உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

செல்லரித்த படத்தைச் சரிசெய்து கொடுத்த மார்த்தாண்டம் ஸ்டுடியோ தம்பிக்கும், செலவுக்குப் பணம் அனுப்பிய வளைகுடா உறவினர்களுக்கும் நன்றி. பதக்கங்கள் யார் வீட்டில் இருப்பது என்ற தகராறு சித்தப்பாவுக்கும் பெரிய அத்தைக்கும் இடையே இன்னும் ஓடுகிறது. அதில் யாருடைய உதவியும் வேண்டாம்.

கடிதங்களின் நகலும் தமிழ் வாசிப்பும் என்னிடம் இருக்கின்றன, கேட்பவர்களுக்குத் தருகிறேன். பழைய மலையாளக் கடிதம் யார் கொண்டுவந்தாலும் வாசித்துத் தருவதாக ஆசிரியர் ஐயா சொல்லியிருக்கிறார். பதிவேடு தேடுகிறவர்கள் பணி எண்ணை முதலில் கண்டுபிடியுங்கள். எங்களுக்கு அது பாட்டாவின் தகரப் பெட்டி மூடியின் உட்புறத்தில், வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்தது.