மைனஸ் 32-ல் பிழைத்த கொடி: டாக்டர் பிராங்குக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய டாக்டர் கான்ஸ்டன்டின் பிராங்க் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ஃபிங்கர் லேக்ஸ் என்ற ஏரிகள் நிறைந்த வட்டாரத்து ஒயினைப் பற்றி யார் பேச வந்தாலும் உங்கள் பெயரில்தான் தொடங்குகிறார்கள். தொடங்கட்டும். உக்ரைனில் திராட்சை சாகுபடியில் முனைவர் பட்டம் வாங்கியவர், ஐம்பதைத் தாண்டிய வயதில், 1951-ல் ஆங்கிலம் தெரியாமல் அமெரிக்கா வந்து பாத்திரம் கழுவினீர்கள். அப்புறம் அதே மாநிலத்து ஜெனீவா ஊரின் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தால், அங்கேயும் கையில் கொடுத்தது களைக்கொத்துதான்.

ஐரோப்பியத் திராட்சை இந்தக் குளிரில் பிழைக்காது என்பது அங்கே எழுதாத சட்டம். கான்கார்ட் மாதிரி அமெரிக்க நாட்டு ரகத் திராட்சை, இல்லையென்றால் அதையும் ஐரோப்பிய ரகத்தையும் கலந்த கலப்பினம். நீங்களோ, ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டும் வேர்ச்செடி சரியாக இருந்தால் கொடி தாங்கும் என்று சாதித்தீர்கள். இதை நம்பி வேலை கொடுத்தவர் கோல்ட் சீல் என்ற ஒயின் நிறுவனத்தின் சார்லஸ் ஃபூர்னியே. பிரான்சின் ஷாம்பெயின் பகுதிக்காரர், அங்கேயே பெரிய ஒயின் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். என்னைக் கேட்டால், பாதிப் புகழ் அவருக்குச் சேர வேண்டியது. கனடாவின் கியூபெக்கில் ஒரு கன்னியர் மடத்தில் பினோ நுவார் என்ற ஐரோப்பியத் திராட்சை வளர்வதைக் கண்டு, அங்கிருந்து வேர்ச்செடி வாங்கிவந்து ஆயிரக்கணக்கில் ஒட்டுக்கட்டினீர்கள்.

1957 பிப்ரவரியில் பரீட்சை வந்தது. மைனஸ் 25 டிகிரி பாரன்ஹீட், அதாவது மைனஸ் 32 செல்சியஸ். நாட்டுக் கொடிகளே கருகின. உங்கள் ஐரோப்பிய ரகங்களான ரீஸ்லிங்கும் ஷார்டனேயும் பத்தில் ஒரு பங்கு மொட்டைக்கூட இழக்கவில்லை.

வேர் மட்டும் காரணமில்லை. அங்குள்ள ஏரிகளில் ஒன்றான செனெகாவின் ஆழம் 188 மீட்டர். கோடையில் வாங்கிய சூட்டைக் குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அதற்கும் மேலே, இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு கொடியின் தூரிலும் ஒட்டு மறையும்வரை மண் அணைப்பார்கள். மேலே கொடி செத்தாலும் ஒட்டுக்கு மேல் புதைந்திருக்கும் மொட்டு துளிர்க்கும். வசந்தத்தில் அந்த மண்ணைத் தள்ளிவிட வேண்டும், வருஷா வருஷம்.

1962-ல் கியூகா ஏரிக்கரையில் சொந்த ஒயினரி தொடங்கினீர்கள். ஆனால் சிறு விவசாயி தன் ஒயினைத் தானே நேரடியாக விற்க வழி திறந்தது 1976-ன் பண்ணை ஒயினரிச் சட்டம். பெரிய கம்பெனிகளையே நம்பியிருந்தவர்களுக்கு அதுதான் விடுதலை.

ஒரு மனக்குறை. கலப்பின ஒயின் விஷம் என்று ஊர் ஊராகச் சொல்லி வந்தீர்களே, அது நியாயமா? அதைப் பயிரிட்டுத்தான் பல குடும்பங்கள் பிழைத்தன. 2004 ஜனவரிக் குளிரில் அதிகம் அடிவாங்கியவையும் நீங்கள் கொண்டாடிய ஐரோப்பியக் கொடிகள்தான். உங்களுக்குக் களைக்கொத்து கொடுத்த அதே நிலையம் 1972-ல் வெளியிட்ட கயூகா ஒயிட் என்ற கலப்பினம் இன்றும் அந்த ஏரிக்கரைகளில் காய்க்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நன்றாகவே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ரீஸ்லிங்குக்கும் ஒரு ரசிகன்