துண்டை வீசிய மாஸ்டருக்கும், என்னை மறுபடி ரிங்கில் நிற்க வைத்தவர்களுக்கும்

அன்பு உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

போன சனிக்கிழமை சிங்கப்பூரில் நடந்த குத்துச்சண்டைப் போட்டியில் எட்டு ரவுண்டு முடிந்து புள்ளிகளில் வென்றதிலிருந்து செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. "என்னா மனசுடா உனக்கு!" என்றுதான் முக்கால்வாசிப் பேர் எழுதியிருக்கிறீர்கள். படிக்கப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அந்த மனசை யார் யார் சேர்ந்து தேற்றிக் கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொல்ல வேண்டும்.

முதல் நன்றி என் பயிற்சியாளரான மாஸ்டருக்கு. இதற்கு முந்தைய போட்டியில் தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை வீசி என்னை நிறுத்தினீர்களே, அதற்காக.

பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆறாவது ரவுண்டில் ஒரு ரைட், வலது கைக் குத்து, என் தாடையில் இறங்கியது. விழுந்தேன். நடுவர் எட்டு எண்ணுவதற்குள் எழுந்துவிட்டேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், கையுறையைத் தூக்கிக் காட்டினேன். ஆனால் எதிரே நின்றவர் எனக்கு இரண்டு பேராகத் தெரிந்தார். அரங்கமே என் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. அந்த நேரத்தில் எந்த வீரனும் "போதும்" என்று சொல்லமாட்டான். அடி வாங்கிய மூளையே தன் நிலையைத் தானே கணக்குப் போடுவது எப்படி? அதற்காகத்தான் கார்னரில், ரிங்கின் நம் மூலையில், ஓர் ஆள் வேண்டும். மாஸ்டர் என் காலைப் பார்த்தார், துண்டு பறந்து வந்து விழுந்தது. சிலர் கூச்சல் போட்டார்கள். அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக வந்து என் வாயிலிருந்த கம் ஷீல்டை (பல் கவசம்) எடுத்துவிட்டு, "மூச்சு விடு" என்றார்.

அவரிடம் சேர்ந்த புதிதில் எல்லாப் பையன்களுக்கும் ஒரு கதை சொல்வார். 1982 நவம்பர், லாஸ் வேகஸ். தென்கொரியாவின் கிம் துக்கூ, ரே மான்சினியோடு மோதினார். நான் மோதும் அதே லைட்வெயிட் பிரிவு, 61.2 கிலோ. அவ்வளவு அடியையும் தாங்கிக்கொண்டு 14ஆவது ரவுண்டு வரை நின்றார். அதில் விழுந்தவர் சில நாள்களில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் டபிள்யூபிசி என்ற உலகக் குத்துச்சண்டை மன்றம் உலகப் பட்டப் போட்டிகளை 15 ரவுண்டிலிருந்து 12 ரவுண்டாகக் குறைத்தது. "அவனுக்கு மனவலிமை இல்லையா? தேவைக்கு மேலேயே இருந்தது. அதை எங்கே நிறுத்துவது என்று பார்க்கிற வேலை என்னுடையது" என்பார் மாஸ்டர். அன்று அந்த வேலையை அவர் செய்ததால்தான் என்னால் இன்று இதை எழுத முடிகிறது.

அடுத்து அக்கா. தாதியாக இருப்பவள், அன்று இரவு மருத்துவமனையில் ஸ்கேன் முடியும்வரை கூடவே இருந்தாள். ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்தபிறகும் விடவில்லை. நாக்அவுட் ஆன வீரருக்கு மருத்துவத் தடை உண்டு, அந்தக் காலம் முடியும்வரை ஸ்பாரிங், அதாவது பயிற்சிக்காக மோதுவது, கூடாது. என்னைப் பற்றி அவளுக்குத் தெரியும். அதனால் என் கையுறைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு ஈசூனில் இருக்கும் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாள். தலைவலி, வெளிச்சம் பட்டால் எரிச்சல், தூக்கமின்மை என்று போன அந்த நாள்களில், இரவு வேலை முடித்த கையோடு என் புளோக்குக்கு வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள். தடை முடிந்து மருத்துவர் சரி என்றதும், அவளே அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஜிம்முக்கு வந்தாள். அக்கா, உனக்கு இந்த விளையாட்டு பிடிக்காது. இருந்தும் வந்தாய்.

உடம்பு திரும்பிவிட்டது. மனம் அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை. எதிராளியின் வலது தோள் அசைந்தாலே என் கண் தானாக மூடிக்கொண்டது. வெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கண்ணை மூடுகிற அந்த நொடியில்தான் அடுத்த அடி விழும். அது எனக்கும் தெரியும், தெரிந்தும் மூடும். பயம் அறிவுக்குக் கட்டுப்படாது.

இதிலிருந்து என்னை மீட்டது என் ஸ்பாரிங் தோழர்கள். ஜிம்மின் மூத்தவரான மலாய் அபாங் (அண்ணன்), கட்டுமான வேலைக்கு வந்த பிலிப்பினோ நண்பர், தேசிய சேவையிலிருந்து வார இறுதியில் மட்டும் வரும் நம்ம தம்பி. மூவரும் பேசி வைத்துக்கொண்டு என் பயத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். முதலில் வெறும் ஜாப், முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து. அப்புறம், இப்போது ரைட் வரப்போகிறது என்று வாயால் சொல்லிவிட்டு, நெற்றியைத் தொடுகிற அளவுக்கு ஒரு ரைட். நான் கண் திறந்து பார்த்தால் மட்டும் அடுத்தது. வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, சொல்லாமலும் வர ஆரம்பித்தது. அபாங்குக்கு அப்போது சொந்தப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. நல்ல ஸ்பாரிங் தேடி வேறு இடம் போயிருக்கலாம், போகவில்லை. என் பலவீனம் எது என்று ஜிம்மிலேயே அதிகம் தெரிந்தவர்கள் இந்த மூன்று பேர்தான். ஒருநாள்கூட அதைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டதில்லை. குத்துச்சண்டையில் இதைவிடப் பெரிய மரியாதை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிலிப்பினோ நண்பர் அனுப்பிய ஒரு செய்தி இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. 2012 டிசம்பரில் அவர் ஊர் வீரர் மானி பக்கியாவ் ஆறாவது ரவுண்டில் மெக்சிகோவின் மார்கெஸிடம் நாக்அவுட் ஆனார். கிட்டத்தட்ட ஒரு வருடம் எந்தப் போட்டியிலும் இறங்கவில்லை. 2013 நவம்பரில் மக்காவ் வந்து பிராண்டன் ரியோஸை வென்றார். "உனக்கும் ஆறாவது ரவுண்டுதான், அவசரப்படாதே" என்று எழுதியிருந்தார்.

விளையாட்டு மனநல ஆலோசகர் மேடத்துக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். பயத்தை விரட்டு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ரவுண்டுகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரு நிமிடத்தை எப்படிச் செலவு செய்வது என்று சொல்லிக்கொடுத்தார். உட்கார்ந்ததும் பேச்சு கிடையாது. மூச்சை இழுக்கிற நேரத்தைவிட விடுகிற நேரம் நீளமாக இருக்க வேண்டும். இதயத் துடிப்பு இறங்க அது உதவும். பிறகு ஒரு வாய் தண்ணீர். அதற்குப் பிறகுதான் மாஸ்டர் பேசுவார், அதுவும் ஒரே ஒரு விஷயம். போன சனிக்கிழமை ஐந்தாவது ரவுண்டில் என் இடது புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியபோது இதுதான் காப்பாற்றியது. காயத்தைக் கவனிக்கும் கட்மேன் அண்ணன் பஞ்சில் மருந்து தொட்டு அழுத்திப் பிடிக்க, நான் மூச்சை மட்டும் கவனித்தேன். மாஸ்டர் சொன்னது: "இடது பக்கம் நகரு." அவ்வளவுதான். அண்ணே, எட்டாவது ரவுண்டு வரைக்கும் அந்தக் காயத்தைத் திறக்கவிடாமல் வைத்திருந்தீர்கள். மருத்துவர் போட்டியை நிறுத்தாமல் விட்டது உங்கள் கையால்தான்.

துவாஸ் கிடங்கில் எனக்காக ஷிஃப்ட் மாற்றிக்கொண்ட அத்தனை பேருக்கும், எடை குறைக்கும் வாரங்களில் நான் வாய் திறப்பதற்கு முன்பே தோல் நீக்கிய கோழியை வெட்டி, சோறும் சாஸும் இல்லாமல் தட்டை நீட்டிய உணவங்காடி அங்கிளுக்கும், டிக்கெட் விற்றுத் தந்த தேக்காக் கடைக்காரர்களுக்கும், வீரமாகாளியம்மன் கோவிலில் அர்ச்சனை செய்துவிட்டு நேராக அரங்குக்கு வந்த சித்திகளுக்கும் நன்றி.

எனக்கு முன்னால் இந்தப் பாதையில் நடந்தவர்களையும் சொல்லியாக வேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காக ரிங்கில் இறங்கிய சையது அப்துல் காதர், 1974இல் கிறைஸ்ட்சர்ச்சில் காமன்வெல்த் வெண்கலம் வென்றார். எங்கள் புளோக் தாத்தா ஒருவர், ஜாலான் புசாரில் நியூ வோர்ல்ட் இருந்த காலத்தில் அங்கே சண்டை பார்த்தவர், அவர் பெயரைச் சொல்லும்போது இன்றும் நிமிர்ந்து உட்காருவார். 2018இல் நம் முகமது ரித்வான் ஐபிஓ என்ற குத்துச்சண்டை அமைப்பின் உலகப் பட்டத்துக்காக நமீபியாவின் பவுலஸ் அம்புண்டாவோடு இதே ஊரில் மோதினார். பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் உலகப் பட்டப் போட்டியில் நம் ஊர்க்காரர் ஒருவர் நிற்க முடியும் என்று அன்றுதான் நான் நம்ப ஆரம்பித்தேன்.

போன சனிக்கிழமை என்னோடு மோதியவருக்கும் நன்றி. முடிவு அறிவித்ததும் முதலில் வந்து என் புருவத்தைப் பார்த்துவிட்டு, தன் ஐஸ் பையைக் கொடுத்தார்.

தையல் பிரித்தாகிவிட்டது. மருத்துவர் சொன்ன ஓய்வு முடியும்வரை தொங்கும் குத்துப் பையில் குத்துவதோடு சரி, ஸ்பாரிங் கையுறைகள் மறுபடி ஈசூனுக்குப் போய்விட்டன. சனிக்கிழமைக் காலையில் ஜிம்மில் சின்னப் பிள்ளைகளுக்கு மாஸ்டர் எடுக்கும் வகுப்பில், அவர்கள் குத்திப் பழக, பேட் பிடித்துக்கொண்டிருப்பேன். பெயர் விட்டுப்போனவர்கள் அங்கே வந்து என்னைத் திட்டலாம், காப்பி என் செலவு.

நன்றியுடன்,
உங்கள் லைட்வெயிட் தம்பி